நான்காம் அத்தியாயம்: தபாற்பெட்டியில் பெயர்

ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் பெற்று, விமான நிலையத்திலிருந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு வாடகை அறைக்குள் நுழைந்த மாணவர் முதலில் செய்யவேண்டிய காரியம் எது என்று கேட்டால், வீட்டுக்குப் பேசுவது என்று சிலரும், அரிசி வாங்குவது என்று வேறு சிலரும் சொல்லக்கூடும். அவை இரண்டும் அவசியமே என்றாலும், அவற்றுக்கும் முன்பாக ஒரு துண்டுக் காகிதத்தில் தம் பெயரைத் தெளிவாக எழுதி, கட்டடத்தின் வாசலில் உள்ள தபாற்பெட்டியின் மீதும் அழைப்பு மணியின் பக்கத்திலும் ஒட்டிவைப்பதே உத்தமம் என்று நான் சொல்வேன். அந்நாட்டு அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் நம் ஊரைப்போல வீட்டுக்கு வீடு கதவிலக்கம் கிடையாது. கட்டடம் முழுவதற்கும் ஒரே இலக்கம், உள்ளே குடியிருப்போர் தத்தம் குடும்பப் பெயராலேயே அறியப்படுவர். பெட்டியில் காணாத பெயருக்கு வந்த கடிதத்தைத் தபால்காரர், அண்டை வீட்டாரை விசாரித்துக்கொண்டு நிற்காமல், அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார். வேறொருவர் எடுத்த வீட்டில் உட்குடியாக இருப்பவர்கள், தம் பெயருக்குக் கீழே ‘பை’ என்ற ஜெர்மானியச் சொல்லைப் போட்டு அந்த வீட்டுக்காரரின் பெயரையும் முகவரியில் சேர்த்து எழுதும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே மேற்கொள்ள வேண்டும். கடவுச்சீட்டில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருப்பின், பெட்டியில் அந்தப் பெயரும் இருக்கட்டும். கடிதங்கள் அந்தப் பெயருக்கே வரும்.

இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்நாட்டில் அரசாங்க அலுவலகமும் வங்கியும் இன்ஷூரன்ஸ் நிறுவனமும் பல்கலைக்கழகமும், ஒரு மனிதருக்குச் சொல்லவேண்டியதை ஒரே தடவை, எழுத்து மூலமாக, உரிய காலத்துக்கு முன்பே சொல்லிவிடுகின்றன. சொல்லிய பின் அவர் அறிந்துகொண்டுவிட்டார் என்றே வைத்துக்கொள்கின்றன. கெடு தப்பிய பிறகு போய், தெரியாமல் போயிற்று என்று நின்றால் அநுதாபம் கிடைக்கலாம். பரிகாரம் கிடைப்பது அரிது. ஆனால் கெடுவுக்கு முன், கையில் காகிதத்தோடு போய்க் கேட்டால், முகத்தில் சிரிப்பே இல்லாத உத்தியோகஸ்தர்கூட நிதானமாகவும் சரியாகவும் பதில் சொல்வார். வலிய வந்து சொல்லாமையும், கேட்டால் மறைக்காமையும் ஆகிய இவ்விரண்டு குணங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால், இவ்வத்தியாயத்தில் வரும் விஷயங்களில் பெரும்பாலானவை எளிதில் விளங்கும்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். ‘அன்மெல்டுங்’ என்று நம் மாணவர்கள் அனைவரும் ஜெர்மானியப் பெயராலேயே குறிப்பிடும் இந்தப் பதிவுக்கு, கடவுச்சீட்டோடு வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தரும் குடியிருப்புச் சான்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் எத்தனை பக்கம் இருந்தாலும் அந்த ஒரு தாளுக்கு ஈடாகாது. ஆகையால் சாவியை வாங்கும்போதே அந்தத் தாளையும் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. சிறு ஊர்களில் அலுவலகத்துக்கு நேரே போனாலும் காரியம் முடிந்துவிடும். பெர்லின், மியூனிக் போன்ற பெருநகரங்களிலோ முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ளாமல் அணுக முடியாது. அந்த நேரமும் பல வாரங்களுக்குப் பின்னரே கிடைக்கும் என்பதால், விமானச் சீட்டு வாங்கிய கையோடு இந்தச் சந்திப்பையும் குறித்து வைப்பவர்களே புத்திசாலிகள். யாரேனும் ரத்து செய்த நேரங்கள் காலை வேளையில் இணையத்தில் திடீரென்று தோன்றுவதும் உண்டு.

பதிவுப் படிவத்தில் மதத்தைப் பற்றி ஒரு கேள்வி இருக்கும். அதை வெறும் விவரம் என்று எண்ணிவிடலாகாது. கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டண்ட் என்றோ எழுதுகிறவர், பின்னால் வருமான வரி கட்டும் நிலை வரும்போது, அந்த வரியின்மேல் பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பர்க்கிலும் 8 சதவீதமும் ஏனைய மாநிலங்களில் 9 சதவீதமும் திருச்சபை வரியாகச் செலுத்த வேண்டியிருக்கும். செலுத்துவது நியாயமா அன்றா என்பது அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது. தூத்துக்குடியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ செல்லும் கிறிஸ்தவ மாணவர்கள் விஷயத்தைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும் என்பதற்காகவே இங்கே குறிப்பிட்டேன்.

பதிவு முடிந்ததும் கையில் கிடைக்கும் ஒரு பக்கச் சான்றிதழ், பின்னால் வரும் காரியங்கள் அனைத்துக்கும் மூலாதாரம். விசாவுக்காக ஊரிலிருக்கும்போதே கட்டிவைத்த பணம், மாணவர் பேச்சில் ‘பிளாக்டு அக்கவுண்ட்’ எனப்படும் முடக்கக் கணக்கில் கிடக்கிறதல்லவா? 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. அதாவது மாதத்துக்கு 992 யூரோ வீதம் அளந்து விடப்படும். அது வந்து விழுவதற்கு உள்நாட்டு வங்கியில் நடப்புக் கணக்கு ஒன்று வேண்டும். பல வங்கிகள் கணக்குத் திறக்க முகவரிச் சான்று கேட்கும். முகவரிச் சான்றுக்கோ நகர அலுவலகத்தில் நேரம் கிடைக்க வேண்டும். சங்கிலியின் ஒரு கண்ணி தாமதமானால் அடுத்தடுத்தவையும் தாமதமாகுமாதலால், முதல் ஆறு வாரச் செலவுக்கும் வீட்டு முன்பணத்துக்கும் தனியே பணம் ஏற்பாடு செய்துகொண்டு போவது அவசியம். வங்கி அட்டை ஒரு கடிதத்திலும் அதன் ரகசிய எண் வேறொரு கடிதத்திலும், வெவ்வேறு நாட்களில் தபாலில் வரும் என்பதையும் நினைவில் கொள்க.

அரசாங்கம் கணக்கிட்ட அந்த 992 யூரோ எல்லா ஊருக்கும் ஒன்றே, வாடகை அப்படியன்று. கெம்னிட்ஸ், மாக்டபர்க் போன்ற கிழக்குப் பகுதி நகரங்களில் அந்தத் தொகைக்குள் கௌரவமாக வாழ்ந்து, கொஞ்சம் மீதமும் பிடிக்கலாம். மியூனிக்கில் அதே தொகையில் பாதிக்கு மேல் அறை வாடகையே விழுங்கிவிடக்கூடும். படிப்புக்குக் கட்டணம் இல்லை என்ற பேச்சும் பெரும்பாலும் உண்மையே ஆயினும் முழு உண்மையன்று. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017-ஆம் ஆண்டுக் குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வசூலிக்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் புதிதாகச் சேரும் அத்தகைய மாணவருக்குக் கட்டணம் விதித்துள்ளது. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது பல்கலைக்கழகத்தின் புகழை மாத்திரம் பார்க்காமல் வாடகையையும் பார்க்க வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

முகவரி பதிவான சில வாரங்களில் இரண்டு கடிதங்கள் வரும். ஒன்றில் பதினோரு இலக்கம் கொண்ட வரி அடையாள எண் இருக்கும்; அது வாழ்நாள் முழுவதற்கும் ஒன்றே; வேலையில் சேரும் நாளில் முதலில் கேட்கப்படுவதும் அதுவே. மற்றது ஒலிபரப்புக் கட்டணத்துக்கான கடிதம். என்னிடம் தொலைக்காட்சியும் இல்லை, வானொலியும் இல்லை, இது ஏதோ மோசடி என்று எண்ணி இதைக் கிழித்துப் போடுவோர் நம்மவரில் பலர். மோசடியன்று, மாதம் 18.36 யூரோ வீதம் வீட்டுக்கு ஒருவர் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டாவிட்டால் அபராதம் ஏறிக்கொண்டே போகும். கட்டணம் ஆளுக்கன்று, வீட்டுக்கு என்பதை மாத்திரம் மறக்கலாகாது. நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் இருந்தால், ஏற்கெனவே கட்டுகிறவரின் கணக்கு எண்ணைக் குறித்துப் பதில் எழுதிவிட்டு, பங்கை அவரிடம் கொடுத்துவிடலாம். எந்தக் கடிதம் வந்தாலும் அதில் தேதி ஒன்று இருக்கும். அந்தத் தேதியைச் சிவப்பு மையால் கோடிட்டு, இரட்டை வளையக் கோப்பில் வரிசையாகச் சேர்த்து வைக்கும் பழக்கம் பிற்காலத்தில் மிகுந்த சௌகரியத்தைத் தரும். கடிதத்தின் பாஷை புரியாவிட்டால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லலாம்.

விசா, நுழைவதற்கு மாத்திரமே. அதன் ஆயுள் சில மாதங்கள். அது முடிவதற்கு முன்பே வெளிநாட்டினர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அலுவலகத்தில் வேலை நெருக்கடியால் சந்திப்பு நேரம் தள்ளிப்போவது சர்வ சாதாரணம். விண்ணப்பம் மாத்திரம் காலத்தில் சேர்ந்திருந்தால், முடிவு வரும்வரை மாணவர் சட்டப்படியே அங்கு இருப்பவராகக் கருதப்படுவார். அதற்கு அத்தாட்சியாக இடைக்காலச் சீட்டு ஒன்றும் கேட்டுப் பெறலாம். அந்தச் சீட்டில் சில வகைகள் உண்டாதலால், அதை வைத்துக்கொண்டு தீபாவளிக்கு ஊர் வந்து திரும்பலாமா என்பதை விமானச் சீட்டு வாங்குமுன் அலுவலகத்திலேயே எழுத்து மூலம் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். மாணவர் நல அமைப்புகள் நடத்தும் விடுதிகளே மலிவானவை. இடத்துக்காகக் காத்திருக்கும் பட்டியலோ நீளம். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பிப்பது தகும். அடுத்தபடியாக, நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்துச் சமையலறையைப் பொதுவாக வைத்துக்கொள்ளும் ‘வேகே’ முறை. வீட்டைக் காட்டாமலே, தான் வெளிநாட்டில் இருப்பதாகவும், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் யாராவது எழுதினால், அவர் எத்தனை மரியாதையாக எழுதியிருந்தாலும் அவருக்கு ஒரு காசும் அனுப்பக் கூடாது. விளம்பரத்தில் காணும் வாடகை வெறும் இடத்துக்கு உரியதா, வெப்பமும் தண்ணீரும் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் சிறிதன்று. முன்பணம், வெறும் இட வாடகையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் வாங்கச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. அதையும் மூன்று தவணையாகச் செலுத்தும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. குடியேறும் அன்று சுவரில் உள்ள கீறல்களையும் தரையின் கறைகளையும் படம் பிடித்து, சாவி ஒப்படைப்புக் குறிப்பில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால், காலி செய்யும் நாளில் வாக்குவாதம் இராது.

முன்பணத்தைக் கரைக்கும் பிரதான சத்துரு பூஞ்சணம். குளிர்காலத்தில் ஜன்னலை இறுக மூடி, உள்ளே சோறு வடித்து, குழம்பு கொதிக்கவைத்து, துவைத்த துணியையும் அறைக்குள்ளேயே உலர்த்தினால், அந்த ஈரமெல்லாம் குளிர்ந்த சுவரில் படிந்து, ஜனவரிக்குள் கட்டில் மூலையில் கறுப்புப் படலமாகத் தோன்றிவிடும். ஜன்னலை நாள் முழுவதும் கொஞ்சமாகச் சாய்த்துத் திறந்து வைப்பதும் உதவாது. வெப்பம் வீணாகும், சுவர் இன்னும் குளிரும். வெப்பமூட்டியைத் தணித்துவிட்டு, ஜன்னலை அகலத் திறந்து, ஐந்து முதல் பத்து நிமிஷம் காற்றை முழுமையாக மாற்றி, மறுபடி மூடிவிடுவதே முறை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, சமைத்த பின் ஒரு தடவை. அந்நாட்டார் இதைக் கிட்டத்தட்ட ஓர் அநுஷ்டானமாகவே செய்கிறார்கள்.

சமையலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வதில் தவறில்லை. பரதேசத்தில் மனம் சோர்வதும் தெளிவதும் பெரும்பாலும் சமையலறையில்தான். கூரையில் சிவப்புப் புள்ளி மினுக்கும் புகை உணர்கருவிக்கு நம் தாளிப்பின் மகிமை தெரியாது. காய்ந்த எண்ணெயில் வற்றல் மிளகாய் கருகினால், அறைக்கு மாத்திரம் உரிய கருவி என்றால் காது செவிடுபட அலறும். கட்டடம் முழுவதற்கும் பொதுவான கருவி என்றால் தீயணைப்பு வண்டியே வந்து நிற்கலாம், வந்ததற்கான செலவும் தலையில் விழலாம். கருவியைத் துணியால் மூடுவதோ கழற்றி வைப்பதோ குற்றமாதலால், எண்ணெயை மிதமாகக் காயவைத்து, ஜன்னலைத் திறந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தாளிப்பதே தக்க உபாயம். மாணவர் விடுதிகளில் பெரும்பாலும் மின் அடுப்பே. சூடேறவும் தணியவும் அது எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குக் கை பழகும்வரை சில வேளைப் பொரியல் கருகத்தான் செய்யும்.

துவரம் பருப்பும் புளியும் பெரிய நகரங்களில் இந்தியக் கடைகளிலும் ஆசியக் கடைகளிலும் கிடைக்கும். ரூர் பிரதேசத்து நகரங்களிலோ ஈழத்தமிழர் நடத்தும் கடைகளில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும்கூடக் காணலாம். கத்தரிக்காய், வெண்டைக்காய், கொத்தமல்லித் தழைக்குத் துருக்கியர் கடைகளே சிலாக்கியமானவை. குழாய்த் தண்ணீரைத் தயக்கமின்றிக் குடிக்கலாம். தயிர் தட்டுப்பாடில்லை. இட்லி மாவுதான் குளிர்காலத்தில் பிடிவாதம் பிடிக்கும். அதை இரவு முழுவதும் அடுப்புச் சூளைக்குள், உள்விளக்கை மட்டும் ஏற்றி வைத்துவிட்டால் காலையில் பொங்கி நிற்கும். கூட இருப்பவர் அறியாமல் சூளையைச் சூடேற்றிவிடாதபடி கதவில் ஒரு சீட்டு ஒட்டிவைக்கவும்.

சமைக்க நேரமில்லாதவர்க்கு ‘மென்ஸா’ என்னும் மாணவர் உணவகம் இருக்கிறது. அது லாப நோக்கமில்லாமல் மாணவர் நல அமைப்புகளால் நடத்தப்படுவது. முதல் உலகப் போருக்குப் பின் மாணவர்கள் பட்டினி கிடந்த காலத்தில், 1921-இல் டூபிங்கனில் தோன்றிய சங்கத்திலிருந்து வளர்ந்து வந்த அமைப்புகள் அவை. வெளியே உண்ணும் செலவில் பாதிக்கும் குறைவாக அங்கே வயிறு நிறையும். உப்பும் காரமும் நம் நாவுக்குப் போதா. ஊறுகாய்ப் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு போகும் நம் மாணவர்களை யாரும் தடுப்பதில்லை. மாமிசம் உண்ணாதவர்கள் அன்றைய உணவுப் பட்டியலில் உள்ள குறியீடுகளைப் பார்த்து எடுக்க வேண்டும்; காய்கறி ரசம் போலத் தோன்றுவதில் பன்றி இறைச்சித் துண்டு மிதப்பது அசாதாரணமன்று.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் எத்தனை தடவை சொல்லி அனுப்பினாலும், முதல் ஞாயிறன்று பால் இல்லாமல் தெருவில் அலையாத புது மாணவர் அரிது. 1919-ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டத்தில் ஞாயிறு ஓய்வுக்கு அளிக்கப்பட்ட பாதுகாப்பை 1949-இல் இயற்றிய இன்றைய அரசியல் சட்டமும் அப்படியே ஏற்றுக்கொண்டிருப்பதால், இது வெறும் வியாபாரிகளின் வழக்கமன்று. ரொட்டிக் கடைகள் காலையில் சில மணி நேரம் திறந்திருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகளும் உண்டு. மற்றபடி சனிக்கிழமை மாலைக்குள் வாங்கியதே கையிருப்பு. டிசம்பர் 25, 26 ஆகிய இரு நாட்களும் விடுமுறை. அவற்றை ஒட்டி ஞாயிறும் வந்துவிட்டால் மூன்று நாள் கதவடைப்பு. ஞாயிறன்று சுவரில் ஆணியடிப்பதும், காலிப் பாட்டில்களைத் தெருவோரக் கண்ணாடித் தொட்டியில் போடுவதும்கூட அமைதிக்கு விரோதம். மற்ற நாட்களிலும் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஓசை எழுப்பலாகாது. ஊரில் விடியற்காலம் ஐந்தரை ஆகும்போது அங்கே குளிர்காலத்தில் நள்ளிரவு ஒரு மணி. எழுந்ததும் நம்மை அழைக்கும் தாய் தகப்பனாரோடு ஸ்பீக்கரில் உரக்கப் பேசுவதே அடுத்த அறைக்காரர் எழுதும் முதல் புகார்ச் சீட்டுக்குக் காரணமாவது வழக்கம்.

குப்பையைப் பிரிக்கும் சாஸ்திரம் முதலில் மிரட்டும். ஒரு மாதத்தில் கைவந்துவிடும். காகிதத்துக்கு நீலத் தொட்டி, உறைகளுக்கு மஞ்சள், காய்கறிக் கழிவுக்குப் பழுப்பு, எஞ்சியதற்குச் சாம்பல் நிறம் அல்லது கறுப்பு. ஊருக்கு ஊர் நிறம் சற்றே மாறும். பானப் பாட்டில்களுக்கும் தகர டப்பாக்களுக்கும் வாங்கும்போதே ‘ஃபான்ட்’ என்னும் பிணைத்தொகை வாங்கிவிடுவார்கள். ஒருமுறை மட்டும் பயன்படும் பாட்டில் ஒன்றுக்கு 25 சென்ட். கடை வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும். அதைக் காசாளரிடம் கொடுத்துப் பணம் பெறலாம். பாட்டிலை நசுக்கிவிட்டால் இயந்திரம் படிக்காமல் போகலாம்.

பிரயாணத்துக்கு, பல பல்கலைக்கழகங்களில் பருவக் கட்டணத்தோடு சேர்ந்தே நாடு முழுவதற்கும் செல்லும் மாணவர் பயணச்சீட்டு வந்துவிடுகிறது. அதிவேக வண்டிகளில் அது செல்லாது. ஏறிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்பதில் பயனில்லை. சீட்டில்லாப் பிரயாணத்துக்கு அபராதம் 60 யூரோ. மனிதர்கள் ஐந்து நிமிஷம் தாமதித்தால் முகம் சுளிக்கும் அந்நாட்டில் ரயில் வண்டிகள் அரை மணி தாமதிப்பதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். தேர்வு நாளில் ஒரு வண்டிக்கு முந்தின வண்டியில் புறப்படுவது விவேகம்.

இனிப் படிப்பு. பாடவேளைப் பட்டியலில் பத்து மணி என்றிருந்தால், பழைய சம்பிரதாயப்படி பல துறைகளில் பத்தேகாலுக்கே விரிவுரை தொடங்கும். இரண்டு எழுத்துக்களால் அதைக் குறித்திருப்பார்கள். முதல் வாரம் பத்துக்கே போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் மேசையை விரல் முட்டியால் தட்டுவது ஆசிரியருக்கு மரியாதை. வருகைப் பதிவு பெரும்பாலும் இல்லை. யாரும் கேட்பதில்லை என்ற சுதந்திரத்தில் மயங்கி, பருவ முடிவில் நடக்கும் ஒரே தேர்வில் முழு மதிப்பெண்ணும் தங்கியிருப்பதை மறப்பவர்களே முதற் பருவத்தில் இடறுகிறார்கள்.

நம் கல்லூரிகளில் கட்டணம் கட்டி வருகை சரியாக இருந்தால் ஹால் டிக்கெட் தானே வந்துவிடும். அங்கே அப்படியன்று. ஒவ்வொரு தேர்வுக்கும் மாணவர் தாமே, குறித்த சில வாரங்களுக்குள், இணையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். கொடுக்காதவருக்கு, பாடத்தைக் கரைத்துக் குடித்திருந்தாலும், மண்டபத்தில் இடமில்லை. பெயர் கொடுத்துவிட்டுத் தயாராக இல்லை என்று தோன்றினால், விலகுவதற்கும் ஒரு கெடு உண்டு. அதற்குள் விலகாமல் வராமலும் இருந்தால் தோல்வியாகவே கணக்காகும். நோயினால் வரமுடியாமற் போனால் மருத்துவச் சான்றை உடனே தேர்வு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்தை மூன்று தடவைதான் எழுதலாம். கட்டாயப் பாடத்தில் மூன்றாவது தடவையும் தவறினால் அந்தப் படிப்பையே விட்டு வெளியேற நேரும், அதே படிப்பை அந்நாட்டின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடரவும் இடமிராது, குடியிருப்பு அனுமதியும் ஆட்டங்காணும். ஆதலால் ஒவ்வொரு படிப்புக்கும் உரிய தேர்வு விதிமுறைப் புத்தகத்தை, அது எத்தனை சலிப்பூட்டினாலும், முதல் மாதத்தில் ஒரு தடவை முழுக்கப் படித்துவிட வேண்டும். மதிப்பெண் 1.0 என்பது சிரேஷ்டம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி, எண் குறையக் குறையப் பெருமை என்பதை ஊரில் உள்ளவர்களுக்கும் விளக்கி வைப்பது நல்லது.

திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு. அதற்கென ஒரு நாள் குறிப்பார்கள். நம் மாணவர்கள் கூச்சத்தால் அங்கே போவதில்லை. போய், மரியாதையாக, இந்த விடைக்கு ஏன் மதிப்பெண் குறைந்தது என்று கேட்பதை ஆசிரியர்கள் குற்றமாக எண்ணுவதில்லை. கூட்டலில் பிழை இருந்தால் அங்கேயே திருத்தியும் தருவார்கள்.

வேலை செய்து சம்பாதிக்கலாம், அளவோடு. 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் என்பது சட்டம் அநுமதித்த எல்லை. நான்கு மணி நேரம் வரை செய்தது அரை நாள். பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியருக்கு உதவியாளராகச் செய்யும் ‘ஹிவி’ வேலை இந்த எல்லைக்குள் சேராது. கௌரவமும் அதிகம், படிப்போடும் ஒத்துவரும். குறைந்தபட்சக் கூலி 2025-இல் மணிக்கு 12.82 யூரோ, 2026 ஜனவரி முதல் 13.90. கூலியாளாக அல்லாமல் சுயதொழில் செய்பவராகப் பதிவு செய்துகொள்ளச் சொல்லும் வேலைகளுக்குத் தனி அநுமதி வேண்டும்; உணவு விநியோக வேலைகளில் ஒப்பந்தத்தை வாசியாமல் கையெழுத்திட்டு, பின்பு அநுமதி புதுப்பிக்கும் வேளையில் அவதிப்படுவோர் உண்டு.

நோய் வந்தால், முப்பது வயதுக்குட்பட்ட மாணவருக்குப் பொது இன்ஷூரன்ஸில் சலுகைக் கட்டணம் உண்டு. மாதம் 140 யூரோவுக்கு மேல் போனாலும், அட்டையை நீட்டினால் மருத்துவருக்குக் கையிலிருந்து கொடுக்கவேண்டியது பெரும்பாலும் ஒன்றுமில்லை. பக்கத்துத் தெரு வைத்தியர் ஒருவரை, ஆரோக்கியமாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்வது நலம். ஜலதோஷத்துக்குப் போனால் ஊசியும் வண்ண மாத்திரைகளும் கிடைக்குமென்று எதிர்பார்க்கலாகாது. மூலிகைத் தேநீர் குடித்து மூன்று நாள் படுத்திருக்கச் சொல்லி அனுப்புவார்கள், அது போதுமானதாகவும் இருக்கும். உயிர்க்கு ஆபத்தென்றால் 112. அவ்வளவு அவசரமில்லாமல், இரவிலோ ஞாயிறிலோ வைத்தியர் வேண்டுமென்றால் 116117.

குளிர்காலத்தின் இருட்டு, உடம்பின் குளிரைக் காட்டிலும் மனத்துக்குக் கடினமானது. டிசம்பரில் பெர்லினில் பகல் எட்டு மணி நேரம்கூட இராது. அறைக்குள் அடைந்து கிடப்பதைத் தவிர்க்க, பல்கலைக்கழகங்கள் சொற்பக் கட்டணத்தில் நடத்தும் விளையாட்டு வகுப்புகளில் சேரலாம். இறகுப்பந்து வகுப்புக்கு இடங்கள், பதிவு திறந்த சில நிமிஷங்களிலேயே நிறைந்துவிடும். இந்திய மாணவர்கள் இன்று அந்நாட்டு வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம் வகிப்பவர்கள்; 2023–24 கல்வியாண்டில் ஏறத்தாழ 49,000 பேர். ஆகவே துணைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தத் துணையோடு மாத்திரம் இருந்துவிட்டால் ஜெர்மானிய பாஷை நாவில் ஏறாது, படிப்பு முடிந்து வேலை தேடும் காலத்தில்தான் அதன் நஷ்டம் தெரியும்.

கோவில் வேண்டுமென்று ஏங்குவோர்க்கு, ஹம் நகரத்தின் ஊவன்ட்ரோப் பகுதியில் ஈழத்தமிழர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்பாள் ஆலயம் இருக்கிறது. கோடை தொடங்கும் காலத்தில் நடைபெறும் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல தேசங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கில் தமிழர்கள் வந்து கூடுகிறார்கள். ஹம் வரை சாதாரண வண்டிகளிலேயே, மாணவர் பயணச்சீட்டில், போய்ச் சேரலாம். ஆலயம் தொழிற்சாலைகள் சூழ்ந்த புறநகரில் இருப்பதால், அங்கிருந்து பேருந்து நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். தேரன்று கடைகள் பல போட்டிருப்பார்கள். பெரிய துணிப்பை ஒன்று கொண்டுபோகவும். தேர் ஞாயிறன்று வருவதால், திரும்பும் வழியில் வேறு கடை எதுவும் திறந்திராது.